வீடு வீடாகக் கேட்லாக் போடும் வேலை: ஒரு திருவனந்தபுரத்துக் கணக்கு

ஓணம் நெருங்கிவிட்டால் திருவனந்தபுரத்தில் காலைப் பத்திரிகை கனக்கத் தொடங்கும். ஜவுளிக்கடை, நகைக்கடை, டி.வி.யும் ஃபிரிட்ஜும் விற்கும் கடை என்று ஆளுக்கொரு நோட்டீஸ். பெரிய கடைகள் பளபளக்கும் கேட்லாக்கே அச்சடித்துவிடும். பத்திரிகையைப் பிரிப்பவர் அதையெல்லாம் உதறி ஓரமாக வைத்துவிட்டு முதல் பக்கத்துக்குப் போவார். அந்தத் தாள்கள் ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் விடிவதற்குள் கையால் சொருகி, வண்டியில் ஏற்றி, மேடு ஏறி வந்து, கேட்டுக்குள் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அவர் அந்தக் கடைகளின் ஊழியர் இல்லை. பத்திரிகையின் ஊழியரும் இல்லை. அவருக்குச் சுயதொழில்காரர் என்று பெயர். சம்பளச் சீட்டு கிடையாது, வார விடுமுறை கிடையாது, வண்டிக்குப் பெட்ரோல் அவருடையது. கேட்லாக்கோ பத்திரிகையோ பார்சலோ, பொருள் மாறலாம். வேலையின் அமைப்பு ஒன்றுதான். வாசலில் பொருள் சேர்ந்தால் காசு. அதற்கு முன்னும் பின்னும் செலவாகும் நேரம் யார் கணக்கிலும் வராது.

இந்தப் பதிவு அந்தக் கணக்கில் வராத நேரத்தைப் பற்றியது. பகுதிநேர வேலை, வீட்டுப் பக்கத்திலேயே, நேரம் உங்கள் வசதிப்படி என்ற அறிவிப்பைப் பார்த்து இதில் இறங்க நினைப்பவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். கல்லூரி மாணவர்கள், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுச் சில மணி நேரம் கிடைக்கும் பெண்கள். அவர்கள் இறங்குவதற்கு முன் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மேடும் கேட்டும்

திருவனந்தபுரம் குன்றுகளின் மேல் எழுந்த ஊர். ஊர் நடுவிலுள்ள பாளையத்திலிருந்து எந்தப் பக்கம் கிளம்பினாலும் ஒரு ஏற்றமோ இறக்கமோ வரும். சென்னை மாம்பலத்திலோ மதுரை மாசி வீதிகளிலோ இருப்பதுபோல ஒட்டி ஒட்டி நிற்கும் வீட்டு வரிசை இங்கே கரமனை, கோட்டைப் பகுதித் தெருக்களில்தான் உண்டு. மற்றபடி சாஸ்தமங்கலம், கவடியார், பூஜப்புரை, பேட்டை என்று எங்கே போனாலும் வீட்டுக்கு வீடு மதில், மதிலுக்கு ஒரு கேட், கேட்டுக்கு உள்ளே ஒரு முற்றம், முற்றத்துக்கு அப்பால் சிட்டவுட் என்கிற முன்வராந்தா. பத்தடி நடந்து அடுத்த வாசலில் போட்டுவிட்டுப் போவதற்கு இந்த ஊரின் அமைப்பே இடம் கொடுக்காது.

முகவரி இன்னொரு சிக்கல். வீட்டுக்கு மாநகராட்சி கொடுத்த டி.சி. எண் ஒன்று இருக்கும்: வார்டு எண், ஒரு சாய்கோடு, அப்புறம் கட்டட எண். அதே வீட்டுக்குக் குடியிருப்போர் சங்கம் கொடுத்த எண் வேறாக இருக்கும். சங்கத்தின் எழுத்துச் சுருக்கத்தோடு அது கேட்டில் தகடாகத் தொங்கும். பார்சல் மேல் டி.சி. எண், கேட்டில் சங்க எண். புதிதாக வருகிறவர் தெருமுனைக் கடையில் விசாரித்துத்தான் ஆக வேண்டும். பழகியவர் எண்ணையே பார்ப்பதில்லை. மாவு மில்லுக்கு எதிர்ச் சந்து, கிணறு உள்ள வீடு, அதற்கு அடுத்தது என்று மனதில் ஒரு வரைபடம் வைத்திருப்பார். அந்த வரைபடம்தான் அவருடைய முதலீடு. அதற்கு எந்த நிறுவனமும் விலை கொடுப்பதில்லை.

மழையும் சேர்ந்துகொள்ளும். ஜூனில் இடவப்பாதி, அக்டோபர், நவம்பரில் துலாவர்ஷம் என்று இரண்டு பருவமழையும் இந்த ஊருக்கு உண்டு. வெயில் காலத்தில் கேட்டுக்கு வெளியே நின்றபடி பத்திரிகையைச் சுருட்டி எறிந்தால் முற்றத்தில் விழும். மழை நாளில் அது நடக்காது. கேட்டைத் திறந்து, சிட்டவுட் வரை நடந்து, நனையாத இடம் பார்த்து வைத்துவிட்டுத் திரும்ப வேண்டும். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குக் கேரளம் 2020 ஜனவரி 1 முதல் தடை விதித்தது. ஒவ்வொரு பிரதியையும் மெல்லிய பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வீசிவிடலாம் என்ற சுலப வழிக்கும் அதனால் இடமில்லை. தடை நியாயமானதுதான். அதன் விலையாக மழைக்கால நடை முழுவதும் கொண்டுபோகிறவரின் காலில் விழுந்திருக்கிறது.

முப்பத்தாறு கிலோ காகிதம்

கேட்லாக்குக்கு எடை உண்டு என்பது கையில் ஒன்றை எடுத்துப் பார்க்கிறவருக்குத் தெரியாது. நானூறு பிரதிகளைத் தூக்குகிறவருக்குத் தெரியும். கணக்குப் போட்டே பார்க்கலாம். ஏ4 தாள் ஒன்றின் பரப்பு ஒரு சதுர மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. 32 பக்கக் கேட்லாக் என்றால் 16 தாள். அதாவது சரியாக ஒரு சதுர மீட்டர் காகிதம். 90 ஜி.எஸ்.எம். தாளில், அதாவது சதுர மீட்டருக்கு 90 கிராம் எடையுள்ள தாளில் அச்சடித்தால் ஒரு பிரதி 90 கிராம். 400 வீட்டுக்கு 36 கிலோ. வழவழப்பான கனத்த தாள் என்றால் இன்னும் ஏறும். ஸ்கூட்டரின் முன்பக்கம் ஒரு கட்டு, பின்னால் ஒரு கட்டு என்று வைத்தாலும் ஒரே நடையில் எடுத்துப் போவது ஆபத்து. இரண்டு நடை ஆகும்.

இப்போது கூலி. பிரதிக்கு 2 ரூபாய் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 400 வீட்டுக்கு 800 ரூபாய். கேட்கும்போது மோசமில்லை என்று தோன்றும். ஒரு வீட்டுக்கு ஒன்றரை நிமிடம் என்று குறைத்தே கணக்கிட்டாலும் 600 நிமிடம், அதாவது 10 மணி நேரம். கட்டுப் பிரித்து, எண்ணி, பகுதிவாரியாக அடுக்க இன்னும் 2 மணி நேரம். திருவனந்தபுரத்தில் பெட்ரோல் லிட்டர் 107 ரூபாய் என்று கொள்வோம். நின்று நின்று போகும் 30 கிலோமீட்டருக்கு 80 ரூபாயாவது கரையும். மிச்சம் 720 ரூபாய். 12 மணி நேரத்துக்கு 720 என்றால் மணிக்கு 60 ரூபாய். டயர் தேய்மானம், பிரேக் ஷூ, வண்டி இன்சூரன்ஸ் எதையும் இதில் சேர்க்கவில்லை.

ரிசர்வ் வங்கியின் புள்ளிவிவரக் கையேட்டின்படி 2023-24இல் கேரளக் கிராமப்புறக் கட்டடத் தொழிலாளியின் சராசரி நாள் கூலி சுமார் 894 ரூபாய். நாட்டின் சராசரி 417. இந்தியாவிலேயே உடல் உழைப்புக்குக் கூடுதல் கூலி தரும் மாநிலம் கேரளம். அதே மாநிலத்தில், தன் சொந்த வண்டியோடு 12 மணி நேரம் வேலை செய்கிறவர் சிமென்ட் சட்டி தூக்குகிறவரின் நாள் கூலியைத் தொடவில்லை. பிரதிக்கு 3 ரூபாய் என்று உயர்த்தி நீங்களே இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். மணிக்கு 93 ரூபாய் வரும். ஒரு ரூபாய் வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பது அப்போது விளங்கும். பேரம் பேச வேண்டிய இடமும் அதுதான்.

பேப்பர் ஏஜென்டின் காலை

திருவனந்தபுரத்தில் இந்த வேலையின் முழு வடிவத்தையும் பார்க்க வேண்டுமானால் பத்திரிகை ஏஜென்டைத்தான் பார்க்க வேண்டும். மலையாளிகளின் பத்திரிகைப் பழக்கம் பழையது, ஆழமானது. மலையாள மனோரமா 1890இலிருந்து வருகிறது. கேரள கௌமுதி 1911இல் தொடங்கியது, பேட்டையிலிருந்து வெளிவருகிறது. மாத்ருபூமி 1923இல் கோழிக்கோட்டில் பிறந்தது. ஒரே வீட்டில் இரண்டு பத்திரிகை வாங்கும் வழக்கம் இங்கே அபூர்வம் இல்லை. கரமனை, சாலைக் கடைத்தெருப் பக்கத்தில் தமிழ்ப் பத்திரிகை வாங்கும் வீடுகளும் உண்டு. ஆகவே ஏஜென்டின் கட்டில் ஒரே பத்திரிகை இருக்காது. எந்த வீட்டுக்கு எது, எந்த வீட்டுக்கு ஞாயிறு மட்டும், எந்த வீட்டுக்கு வாரப் பத்திரிகையும் சேர்த்து என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருக்கும்.

ஊர் தூங்கும்போதே வேனிலிருந்து கட்டுகள் இறங்கும். ஏஜென்டும் அவருக்கு லைன் போடும் பையன்களும் நடைபாதையில் உட்கார்ந்து பிரிப்பார்கள். முதலில் பிரதானத் தாளுக்குள் சப்ளிமென்ட். அதற்குள் நோட்டீஸ். இடது கையால் பத்திரிகையின் மடிப்பைப் பெருவிரலால் விரித்து, வலது கையால் நோட்டீஸை உள்ளே தள்ளி, மறுபடி ஒரு தட்டு. கைகள் தாமாக ஓடும். மூன்று நோட்டீஸ் உள்ள நாளில் அதே வேலை மூன்று மடங்கு. விளம்பரக்காரர் நோட்டீஸுக்குக் கொடுக்கும் காசு ஏஜென்டுக்குக் கூடுதல் வருமானம்தான். ஆனால் பத்திரிகையின் சொந்தச் சப்ளிமென்டைச் சொருகுவதற்குத் தனிக் கூலி என்று ஒன்று இல்லை. அது கமிஷனுக்குள் அடக்கம்.

விநியோகம் முடிந்தால் வேலை முடியவில்லை. மாதம் பிறந்தால் வசூல். காலையில் போனால் குளித்துக்கொண்டிருப்பார்கள், சாயங்காலம் போனால் வீடு பூட்டியிருக்கும், சில்லறை இல்லை, அடுத்த வாரம் வாருங்கள் என்பார்கள். ஒரு வீட்டுப் பாக்கிக்கு மூன்று நடை. வீட்டுக்காரர் பாக்கி வைத்தாலும் ஏஜென்ட் நிறுவனத்துக்குக் கட்ட வேண்டிய பணம் தேதி தவறாது. வெளியூர் போகிறவர்கள் பத்திரிகையை நிறுத்தச் சொல்வதும், திரும்பி வந்ததும் மறுநாளே போடச் சொல்வதும் சகஜம். கணக்கில் இரண்டு நாள் தவறினால் பேச்சு வரும். இப்போது பலரும் செல்பேசியில் பணம் அனுப்பிவிடுவதால் வசூல் நடை கொஞ்சம் குறைந்திருக்கிறது. அதை இந்தத் தொழிலுக்குக் கிடைத்த நிஜமான நிவாரணம் என்றே சொல்ல வேண்டும்.

2012 மார்ச்சில் கேரளத்துப் பத்திரிகை ஏஜென்டுகள் கமிஷன் உயர்வு உள்ளிட்ட கோரிக்கைகளோடு வேலைநிறுத்தம் செய்தார்கள். அச்சகங்கள் ஓடின, செய்தியாளர்கள் எழுதினார்கள், பத்திரிகை அச்சாகி வந்தது. வீட்டுக்கு மட்டும் வரவில்லை. நிறுவனங்கள் மாற்று ஏற்பாடுகளைத் தேட வேண்டியதாயிற்று. பத்திரிகைத் தொழிலில் இருப்பவர்களுக்கென்று 1955இலேயே தனிச் சட்டம் வந்திருந்தது. செய்தியாளர், பிழைதிருத்துபவர், அச்சகத் தொழிலாளி வரை அது பார்த்தது. ஆனால் ஊழியர் என்ற வரையறைக்கு வெளியே நின்ற ஏஜென்ட் அதில் இல்லை. அச்சிட்ட தாளை வாசகர் கையில் சேர்க்கும் கடைசி மனிதர் அந்தத் தொழிலின் கணக்கிலேயே இல்லை என்பது சாதாரணக் குறை இல்லை.

இந்த வேலை ஒருவரை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பதற்குத் தமிழர்களுக்கு நன்கு தெரிந்த ஒரு பெயர் உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ராமேஸ்வரத்தில் ரயில் நிற்பதை ரத்து செய்துவிட்டார்கள். பத்திரிகைக் கட்டுகளை ஓடும் ரயிலிலிருந்து வெளியே எறிந்தார்கள். ஊரில் பத்திரிகை விநியோகித்து வந்த சம்சுதீனுக்கு அவற்றைப் பிடித்து எடுக்க ஒரு ஆள் தேவைப்பட்டது. உறவுக்காரச் சிறுவன் அப்துல் கலாம் அந்த வேலையைச் செய்து தன் முதல் கூலியை வாங்கினார். பின்னாளில் அவர் திருவனந்தபுரத்தில் தங்கித் தும்பா ஏவுதளத்தில் வேலை பார்த்தார். அங்கிருந்து முதல் ராக்கெட் 1963 நவம்பர் 21இல் கிளம்பியது. கலாமின் கதையை மேடைதோறும் சொல்கிறோம். கட்டைப் பிடிக்க ஒரு சிறுவனை வைத்துக் கூலியும் கொடுத்த சம்சுதீனைப் போன்ற ஏஜென்டுகளையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும்.

மணி கட்டிய கோலும் நீலச் சட்டையும்

சுமந்து கொண்டுபோகிறவருக்கு இந்த ஊர் எப்போதும் இப்படித்தான் இருந்ததா? இல்லை. திருவிதாங்கூர் அரசுக்குச் சொந்தமாக அஞ்சல் துறை இருந்தது. சலங்கை மணி கட்டிய கோலோடு ஓடும் அஞ்சலோட்டக்காரர் அந்த அரசின் ஆள். மணிச் சத்தம் கேட்டால் வழிவிட வேண்டும். 1888இல் சங்கு முத்திரையோடு திருவிதாங்கூர் தன் முதல் தபால்தலையை வெளியிட்டது. 1951இல் அந்தத் துறை இந்தியத் தபால் துறையோடு இணைந்தது. நாஞ்சில் நாடு உட்பட இன்றைய குமரி மாவட்டமும் அந்த ஏற்பாட்டின் கீழ்தான் இருந்தது. ஓட்டம் கடுமையானது. ஆனால் ஓடியவருக்கு அரசுப் பதவியும் மாதச் சம்பளமும் இருந்தன.

இன்னொரு பக்கம் நீலச் சட்டை போட்ட சுமைதூக்குவோர். சாலைக் கடைத்தெருவில் அரிசி மூட்டையும் சர்க்கரை மூட்டையும் இறக்குகிறவர்களைப் பார்க்காதவர் இந்த ஊரில் இருக்க முடியாது. எழுத்தாளர் ஆ. மாதவன் தம் கடையில் உட்கார்ந்தபடி கதைகளாக எழுதியது இந்தத் தெருவின் மனிதர்களைத்தான். கேரளத் தலைச்சுமைத் தொழிலாளர் சட்டம் 1978இல் வந்தது. பதிவு, அடையாள அட்டை, கூலி விகிதம், நல நிதி என்று ஒரு முறைமை உருவானது. தூக்காமல் நின்று பார்த்ததற்கே கூலி கேட்கும் நோக்குக்கூலி வழக்கம் அதில் ஒரு கறை. மாநில அரசு அதை 2018 மே 1 முதல் தடை செய்தது. கறை இருந்தது என்பதற்காக அந்தச் சட்டத்தால் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பெற்ற மரியாதையை மறுக்க முடியாது.

லாரியிலிருந்து 50 கிலோ மூட்டையை இறக்குகிறவருக்குக் கூலி விகிதம் எழுத்தில் இருக்கிறது. 36 கிலோ கேட்லாக்கை 400 துண்டாகப் பிரித்து 400 கேட்டில் இறக்குகிறவருக்கு எழுத்தில் எதுவும் இல்லை. இரண்டும் சுமைதான்.

காசு கொடுத்துக் கேட்லாக் வாங்குகிறவர்கள்

கேட்லாக் வேலையில் இன்னொரு வகை உண்டு. அதில் விநியோகிப்பதற்குக் கூலியே கிடையாது. கேட்லாக்கை வீட்டில் கொடுத்து, ஆர்டர் வந்தால் கமிஷன். அமெரிக்காவில் ஏவான் 1886இல் தொடங்கி வைத்த முறை இது. ஏவானை நிறுவிய டேவிட் மெக்கானல் முதலில் வீடு வீடாகப் புத்தகம் விற்றவர். பிரிட்டனில் 1923இல் பிரிஸ்டல் பக்கம் பிரஷ் விற்கத் தொடங்கிய கிளீனீஸ் பிற்காலத்தில் முழுக்கக் கேட்லாக்கை நம்பியது. விநியோகிப்பவர் தன் காசில் கேட்லாக் வாங்குவார், வீடுகளில் விட்டுவிட்டு வருவார், சில நாள் கழித்துத் திரும்பப் போய் எடுத்துக்கொள்வார். வீட்டுக்காரர் அதைக் குப்பையில் போட்டிருந்தால் நட்டம் விநியோகிப்பவருக்கு. அந்த நிறுவனம் 2018இல் மூழ்கியது. அறைகலன் விற்கும் ஐகியாவும் 1951இலிருந்து அச்சடித்துவந்த கேட்லாக்கை 2021 பதிப்போடு நிறுத்திவிட்டது. உச்சத்தில் இருந்த 2016இல் 20 கோடிப் பிரதிகள், 32 மொழிகள்.

இந்தியாவில் ஓரிஃபிளேம் 1995இலும் மோடிகேர், டப்பர்வேர் 1996இலும் வந்தபோது இதே முறை நடுத்தர வர்க்க வீடுகளுக்குள் நுழைந்தது. நேரடி விற்பனைக்கு மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2016 செப்டம்பரில் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. சேருவதற்குக் கட்டணமோ, விற்பனைக் காட்சிப் பொருள்களுக்கு விலையோ வாங்கக் கூடாது என்று அவை சொல்லின. 2021 டிசம்பரில் வந்த விதிகள் பிரமிடு முறையைத் தடை செய்தன. விற்பனையாளர் அடையாள அட்டை இல்லாமலும், முன்கூட்டி அனுமதி பெறாமலும் ஒரு வீட்டுக்குப் போகக் கூடாது என்றன.

இதை நினைவில் வைத்துக்கொண்டால் பாதி ஏமாற்றைத் தவிர்க்கலாம். கேட்லாக் கட்டுக்கு முன்பணம் கேட்கிறார்களா? அது வேலை இல்லை, உங்களுக்குச் செய்யும் விற்பனை. பொருளை விற்பதைவிட ஆளைச் சேர்ப்பதற்கு அதிகக் கமிஷன் சொல்கிறார்களா? எழுந்து வந்துவிடுங்கள்.

இந்த ஊரில் வாசலுக்கு வரும் பெண்கள்

எல்லாம் இருண்ட கதை இல்லை. வீடு தேடி வரும் வேலையைக் கொஞ்சம் முறைப்படுத்திக் காட்டியவர்கள் திருவனந்தபுரத்திலேயே இருக்கிறார்கள், பெரும்பாலும் பெண்கள்.

1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீயின் தலைமையகம் இங்கேதான். அதன் ஹோம் ஷாப் முறையில் ஒரு பெண் தன் அக்கம்பக்கத்து வீடுகளுக்கு மட்டும் பொறுப்பாளர். ஆர்டர் எடுப்பது, பொருள் சேர்ப்பது இரண்டும் அவரே. ஊர் முழுக்க ஓட வேண்டாம், தெரிந்த வாசல்கள், தெரிந்த முகங்கள். 2024 மார்ச்சில் குடும்பஸ்ரீ தலைநகரில் லஞ்ச் பெல் என்ற மதிய உணவுச் சேவையைத் தொடங்கியது. செயலியில் சொல்லிவைத்தால் எவர்சில்வர் அடுக்கில் சோறு ஸ்கூட்டரில் அலுவலகத்துக்கு வரும். சாதாரணச் சாப்பாடு 60 ரூபாய், மீன் வகையோடு 99 ரூபாய் என்று தொடங்கினார்கள். கொண்டுவரும் பெண்ணுக்கு ஒரே தடத்தில் பல அடுக்கு. கேட்லாக் வேலைக்கும் பாடம் இதில் இருக்கிறது: வீடுகள் நெருக்கமாக இருந்தால்தான் விநியோகத்தில் காசு நிற்கும்.

அமேசான் 2016இல் பெண்கள் மட்டுமே நடத்தும் விநியோக நிலையங்களைத் தொடங்கியபோது தேர்ந்தெடுத்த ஊர்கள் திருவனந்தபுரமும் சென்னையும். தபால் நிலையத் தொடர் வைப்புக்கு வீடு வீடாகப் பணம் வசூலிக்கும் மகிளா பிரதான் ஏஜென்டுகள் அதற்கும் பல பத்தாண்டு மூத்தவர்கள். பெண்களுக்கு மட்டுமான இந்த ஏஜென்சியில் வசூலில் 4 சதவீதம் கமிஷன். சம்பளம் இல்லை. ஆனால் விகிதம் அரசாணையில் இருக்கிறது. யாரும் வாய்ப்பேச்சாகக் குறைத்துவிட முடியாது.

ஹரிதகர்மசேனைப் பெண்களையும் சொல்ல வேண்டும். மாதந்தோறும் வீட்டுக்கு வந்து பிளாஸ்டிக்கைச் சேகரிக்கிறார்கள். அவர்களும் அரசு ஊழியர்கள் இல்லை; வீடுகள் தரும் கட்டணத்தில் நடக்கும் குழுக்கள். தொடக்கத்தில் பல வீடுகள் 50 ரூபாய் தர மறுத்தன, கேட்டைத் திறக்கவே மறுத்தன. 2023 மார்ச்சில் கொச்சி பிரம்மபுரம் குப்பைமேடு எரிந்த பிறகு அரசு விதிகளை இறுக்கியது. கட்டணம் கட்டாயம் என்று ஆனதும் அந்தப் பெண்களின் நடைக்கு ஒரு மதிப்பு வந்தது. கட்டணத்தை வீட்டுக்காரரின் தயவுக்கு விட்டபோது கிடைக்காத மரியாதை அது விதியானதும் கிடைத்தது.

சட்டம் வந்திருக்கிறது, யாருக்கு?

முதலில் ஒரு வெளிநாட்டு வழக்கு. பிரிட்டனில் ஹெர்மஸ் என்ற பார்சல் நிறுவனம் தன் கூரியர்களைச் சுயதொழில்காரர் என்றே சொல்லிவந்தது. தங்கள் சொந்தக் காரில், தங்கள் வீட்டையே கிடங்காக வைத்து, தங்கள் தெருக்களில் கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் அவர்கள். ஜி.எம்.பி. தொழிற்சங்கத்தின் துணையோடு வழக்குப் போட்டார்கள். 2018இல் லீட்ஸ் தொழில் தீர்ப்பாயம் அவர்கள் தொழிலாளிகள்தான், குறைந்தபட்சக் கூலியும் விடுமுறை ஊதியமும் உண்டு என்றது. அடுத்த ஆண்டு நிறுவனமும் சங்கமும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தன. சுயதொழில் என்ற பெயர் வேண்டுமென்றால் இருக்கட்டும், விடுமுறை ஊதியமும் மணிக்குக் குறைந்தது 8.50 பவுண்டும் உறுதி என்பது அதன் சாரம். மணிக் கணக்குக்கு வந்தார்கள் என்பதுதான் இதில் முக்கியம். துண்டுக்கு இவ்வளவு என்ற பேச்சு, மணிக்கு எவ்வளவு தேறும் என்ற பேச்சாக மாறியது.

இந்தியாவில் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு முதன்முறையாகக் கிக் தொழிலாளி, பிளாட்ஃபார்ம் தொழிலாளி என்று வரையறுத்தது. 2025 நவம்பர் 21இல் அது நடைமுறைக்கு வந்தது. செயலி நடத்தும் நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் நல நிதிக்குத் தர வேண்டும். தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் தொகையில் 5 சதவீதம் அதற்கு உச்ச வரம்பு. உணவு, பார்சல், மளிகை கொண்டுபோகும் லட்சக்கணக்கானோருக்கு இது தொடக்கம்.

ஆனால் செயலி இல்லாமல் நடக்கும் விநியோகம்? பத்திரிகை ஏஜென்டுக்கு லைன் போடுகிறவருக்கும், அச்சகத்திலிருந்து நேராகக் கேட்லாக் கட்டு வாங்கித் தெருத் தெருவாகப் போடுகிறவருக்கும் பங்களிக்க எந்த நிறுவனமும் இல்லை. அமைப்புசாராத் தொழிலாளி என்ற பொது வகையில்தான் அவர்கள் வருவார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய இ-ஷ்ரம் தளத்தில் 16 முதல் 59 வயது வரை உள்ளவர்கள் இலவசமாகப் பதிவு செய்யலாம். ஆதாரும் வங்கிக் கணக்கும் போதும். பதிவு செய்ததும் கூலி உயர்ந்துவிடாது. ஆனாலும் எண்ணிக்கையில் இல்லாதவருக்கு எந்த அரசும் திட்டம் போடாது. ஆகவே செய்துவிடுங்கள்.

இறங்குவதற்கு முன்

இந்த வேலையை எடுக்க நினைப்பவர்கள் நான்கு விஷயத்தை எழுத்தில் கேட்க வேண்டும், வாட்ஸ்ஆப் செய்தியாக இருந்தாலும் போதும். ஒரு பிரதிக்கு எவ்வளவு, என்றைக்குப் பணம். ஒரு பிரதியின் எடை என்ன, கட்டு வீட்டுக்கு வருமா, நாம் போய் எடுக்க வேண்டுமா. பூட்டிய வீடு, வேண்டாம் என்று திருப்பிய வீடு, மழையில் நனைந்த பிரதி ஆகியவை யார் கணக்கு. பகுதியின் எல்லை எது, அதே பகுதியை வேறொருவருக்கும் கொடுப்பார்களா. முதல் வாரம் சிறு பகுதியை மட்டும் எடுங்கள். கடிகாரத்தைப் பார்த்து, சொருகும் நேரம், அடுக்கும் நேரம், காத்திருக்கும் நேரம் எல்லாவற்றையும் குறித்து, மணிக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். உங்கள் ஊரின் கட்டடக் கூலியில் பாதிகூடத் தேறவில்லை என்றால் அந்த விகிதத்துக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். நீங்கள் ஒப்புக்கொள்வது அடுத்து வருகிறவருக்கும் விகிதமாகிவிடும்.

கேரள அரசிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான். மூட்டை தூக்குகிறவருக்குச் செய்ததை வாசலுக்குக் கொண்டுவருகிறவருக்கும் செய்ய வேண்டும்: பதிவு, அடையாள அட்டை, துண்டுக்கும் எடைக்கும் சேர்த்து ஒரு குறைந்தபட்ச விகிதம், நல நிதி. செயலி இருக்கிறதா இல்லையா என்பது இதில் அளவுகோலாக இருக்கக் கூடாது. கேட்லாக் அடிக்கும் கடைகளும் அச்சகச் செலவை எழுதும் அதே தாளில் விநியோகச் செலவையும் நியாயமாக எழுத வேண்டும்.

வீட்டில் இருப்பவர்கள் செய்யக்கூடியவையும் சில உண்டு. கேட்டில் டி.சி. எண்ணும் சங்க எண்ணும் இரண்டும் தெரியும்படி எழுதிவையுங்கள். மழை படாத இடத்தில் ஒரு பெட்டி மாட்டுங்கள். நாய் இருந்தால் காலையில் கட்டிவையுங்கள். கேட்லாக் வேண்டாம் என்றால் அதையும் கேட்டிலேயே எழுதிவிடுங்கள். ஒரு நடை மிச்சமாகும். பத்திரிகைப் பணத்தை மாதத்தின் முதல் வாரத்தில் நீங்களாகவே அனுப்பிவிடுங்கள், அவரை இரண்டாவது முறை கேட்க வைக்காதீர்கள்.